11 நிமிடக் கூட்டமும் அதற்கு முந்தைய 14 வாரங்களும்: ஓர் ஆட்குறைப்பு நிகழ்வு ஆய்வு

ஒரே நாளில், ஒரே அறையில், 20 நிமிட இடைவெளியில் வேலையிழந்த இரண்டு பேரைப் பற்றியது இது. ஒருவன் நான். இன்னொருவர் என் பக்கத்து மேசைக்காரர். பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் எழுத விட்டார். அதனால் இங்கே அவர் 'மூத்தவர்'. நான் 14 வாரம் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு நாள்கூடத் தயாராகவில்லை. கடைசியில் புது வேலை முதலில் கிடைத்தது அவருக்குத்தான். இதைக் கேட்டுவிட்டு, "அப்புறம் எதுக்கு மாமா தயாராகணும்?" என்று என் மைத்துனன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் தேடப்போய்தான் இரண்டு பேரின் காகிதங்களையும் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எனக்குக் கிடைத்த பதிலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை தேடுவதற்கான தயாரிப்பு ஒன்று, வேலையை விட்டு வெளியேறுவதற்கான தயாரிப்பு வேறொன்று. முதலாவது 14 வாரத்தில் நடக்கிற காரியம் இல்லை. வருஷக்கணக்கில் தானாகச் சேர்வது. இரண்டாவதை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம், ஆனால் அடையாள அட்டை கழுத்தில் தொங்கும்வரைதான். நான் 14 வாரத்தில் 13 வாரத்தை முதலாவதில் கரைத்தேன். இரண்டாவதைச் செய்தது ஏறக்குறைய தற்செயல்.

பின்னணி

கணக்கு மென்பொருளை வாடிக்கையாளர் நிறுவனங்களில் நிறுவிக்கொடுக்கும் பிரிவு எங்களுடையது. 26 பேர். எனக்கு அப்போது அங்கே 9 வருடம் முடிய இன்னும் சில வாரங்கள் பாக்கி. மூத்தவருக்கு 17 வருடம். வேலையில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர் என்பதை இப்போதும் ஒப்புக்கொள்வேன். வாடிக்கையாளர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் அங்கே இருக்கிற கணக்கரிலிருந்து காவலாளி வரைக்கும் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். ஆட்குறைப்பில் 26 பேரில் 9 பேர் போனோம். கெட்டிக்காரத்தனத்துக்கும் பட்டியலுக்கும் நான் பார்த்தவரை சம்பந்தமே இல்லை. எந்த வாடிக்கையாளர் வகையை நிறுவனம் கைவிட முடிவு செய்ததோ, அதில் இருந்தவர்கள் போனார்கள்.

அறிகுறிகள், போலி அறிகுறிகள்

முதலில் தெரிந்தது பயணச் செலவு. அதுவரை மேனேஜர் ஒப்புதல் கொடுத்தால் போதும். திடீரென்று அதற்கும் மேலே இரண்டு படி போக வேண்டியதாயிற்று. அடுத்து, காலியாக இருந்த மூன்று இடங்கள் 'நிறுத்திவைப்பு' என்று மாறின. பிறகு வெளியிலிருந்து இரண்டு ஆலோசகர்கள் வந்து எல்லோருக்கும் ஒரு எக்செல் தாளை அனுப்பினார்கள்: இந்த வேலையை எத்தனை பேர் செய்கிறீர்கள், மாதத்துக்கு எத்தனை மணி நேரம், உங்களுக்குப் பதில் யார் செய்ய முடியும். கடைசிக் கேள்விக்கு நான் ரொம்பப் பெருமையாக, விவரமாக மூன்று பேரின் பெயரை எழுதிக்கொடுத்தேன். குழுவை எப்படி வளர்த்துவைத்திருக்கிறேன் பார் என்று காட்டுகிற ஆசை. மூத்தவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டார். இரண்டு பேருமே போனோம் என்பதால் அதில் நீதி எதுவும் இல்லை.

அதன் பிறகு 'எல்லாவற்றையும் ஆவணப்படுத்துங்கள்' என்று வந்தது. 'கேடி' (Knowledge Transfer), அதாவது நமக்குத் தெரிந்த வேலையை அடுத்தவருக்குக் கைமாற்றுவது, என்று சொல்லாமலே அதை வாங்கினார்கள். மேனேஜரோடு வாரா வாரம் நடக்கும் அரைமணி நேரப் பேச்சு மூன்று வாரம் தொடர்ந்து ரத்தானது. மனிதர் முகத்துக்கு நேரே பொய் சொல்லத் தெரியாதவர். அதனால் முகத்தையே காட்டவில்லை. கடைசி அறிகுறி, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு எச்.ஆரிடமிருந்து வந்த மின்னஞ்சல்: 'பதிவுகளைச் சரிபார்க்கிறோம். உங்கள் சொந்த மின்னஞ்சல், வீட்டு முகவரி, சொந்தக் கைப்பேசி எண் மூன்றையும் உறுதிசெய்யவும்.' அலுவலக மின்னஞ்சல் இருக்கும்போது சொந்த மின்னஞ்சல் எதற்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

போலி அறிகுறிகளும் இருந்தன. காபி இயந்திரத்தை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க வேலையே ஓடவில்லை, ஆளாளுக்கு வாட்ஸ்அப்பில் இரங்கல் எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து வேறு இயந்திரம் வந்தது. ஒப்பந்ததாரரை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பட்டியல் என்று சொல்லி நான்கு பட்டியல் சுற்றியது. நான்கிலும் என் பெயர் இல்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால், எல்லாவற்றுக்கும் முந்திய அறிகுறி சம்பளத்தில் இருந்தது. கடைசி இரண்டு வருடம் ஊக்கத்தொகை பாதியாகி, பிறகு இல்லாமலே போயிருந்தது. இது என் அனுபவம் மட்டும் இல்லை. ஜேக்கப்சன், லலாண்ட், சல்லிவன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஒரே நிறுவனத்தில் நீண்ட காலம் இருந்து வேலையிழந்தவர்களின் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது, கூட்டமாக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களின் வருமானம் பல வருடம் கழித்தும் 25 சதவீதம் அளவுக்குக் குறைந்தே இருந்தது என்பதை. என்னை நிறுத்தியது வேறொரு வரி: வேலை போவதற்கு ஏறக்குறைய மூன்று வருடம் முன்பே அவர்கள் வருமானம் சரியத் தொடங்கியிருந்தது. வதந்தியைக் காது கொடுத்துக் கேட்கிற நேரத்தில் மூன்று வருட சம்பள உயர்வுக் கடிதங்களை வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் முன்பே புரிந்திருக்கும்.

14 வாரம்: நான் செய்தது

செய்தவற்றை எந்த வரிசையில் செய்தேனோ அந்த வரிசையில் சொல்லப்போவதில்லை. எது பலித்தது என்ற வரிசை வேறு.

முதல் நான்கு வாரம் ரெஸ்யூமே. ஐந்து வடிவம் செய்தேன். ஒன்றில் திறமைகளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் கூடப் போட்டேன். எனக்கு நானே ஐந்துக்கு நான்கரை கொடுத்திருந்தேன். அடுத்து இரண்டு ஆன்லைன் படிப்பு, இரவு 10 மணிக்கு மேல், இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு. பிறகு பொழுது கிடைத்தபோதெல்லாம் விண்ணப்பம். மொத்தம் 60 இடம், நேர்காணல் வரை போனது 4, கிடைத்தது எதுவுமில்லை. வேலையில் இருந்துகொண்டே, பயத்தோடு, கண்டதற்கெல்லாம் போட்ட விண்ணப்பங்கள். நேர்காணலில் "ஏன் மாற நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் எனக்கே பதில் ஒட்டவில்லை. உண்மை பயம், சொன்னது 'புதிய சவால்'. எதிரில் இருப்பவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

பணக் கணக்கு உருப்படியாக வந்தது. 12 மாத வங்கி அறிக்கையை இறக்கி, ஒவ்வொரு வரியையும் மூன்றில் ஒன்றாகப் பிரித்தேன்: நிறுத்தவே முடியாதது, குறைக்கலாம், நாளைக்கே நிறுத்தலாம். மூன்று மாத அறிக்கை போதும் என்றுதான் பலர் சொல்கிறார்கள். அது தப்பு. காப்பீட்டு பிரீமியம், பள்ளிக் கட்டணம், வாகன வரி போல வருடத்துக்கு ஒரு முறை வருபவை மூன்று மாதத்தில் கண்ணில் படாது. நானும் முதலில் மூன்று மாதம் பார்த்து ஏமாந்து, பிறகுதான் 12-க்குப் போனேன். கணக்கை மாதத்தில் போடாமல் வாரத்தில் போட்டேன். இப்போது போல் செலவழித்தால் கையிருப்பு 22 வாரம் தாங்கும். மூன்றாவது பட்டியலை நிறுத்தி இரண்டாவதைக் குறைத்தால் 31 வாரம். இழப்பீடு எதையும் இதில் சேர்க்கவில்லை. வந்தால் வரட்டும்.

அந்தச் சமயத்தில் வீட்டுக் கடனில் ஒரு பகுதியை அடைத்துவிடலாமா என்ற யோசனை வந்தது. கடன் குறைந்தால் மனசு லேசாகும் என்பது சரிதான். ஆனால் வேலை போகும் வாசனை வருகிறபோது கையில் இருக்கிற ரொக்கத்தை வங்கிக்குக் கொடுத்துவிட்டால், தேவைப்படுகிற நாளில் அதே வங்கி அதைத் திருப்பித் தராது. வேலை இல்லாதவனுக்குப் புதுக் கடனும் தராது. கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் விதிவிலக்கு. அந்த வட்டியோடு யாரும் காத்திருக்க முடியாது. அதை அடைத்தேன். வீட்டுக் கடனைத் தொடவில்லை.

வீட்டில் சொல்வதை ஐந்து வாரம் தள்ளிப்போட்டேன். பயமுறுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம் என்று அப்போது நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"எத்தனை மாசம் தாங்கும்? அதை மட்டும் சொல்லு."

"இப்படியே போனா அஞ்சு மாசம். இழுத்துப் பிடிச்சா ஏழு."

"சரி. நீ ராத்திரி தூங்காம கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருந்ததுக்கு நான் வேற என்னென்னமோ நினைச்சிட்டிருந்தேன்."

என்ன நினைத்தாள் என்று கேட்கவில்லை. அந்த வாரமே பல் மருத்துவரிடம் போகாமல் கிடந்த மூன்று பேரையும் அவளே இழுத்துப் போனாள். கண் பரிசோதனை, எனக்கு முழு ரத்தப் பரிசோதனை. நிறுவனக் குழுக் காப்பீடு இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்ததும் அவள் யோசனைதான். ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பல காப்பீடுகள் காத்திருப்புக் காலம் வைக்கின்றன. வேலை போன பிறகு எடுத்தால் அந்தக் கடிகாரம் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.

அந்தச் சனிக்கிழமை

இனி, தற்செயலாக நடந்தது. கடன் விஷயத்தைப் பற்றிப் பேச வங்கிக்குப் போனபோது ஆறு மாத பேஸ்லிப் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து எச்.ஆர். தளத்தைத் திறந்தவன், ஆறு எதற்கு, எல்லாவற்றையும் எடுப்போமே என்று உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட 9 வருட பேஸ்லிப், பணி நியமனக் கடிதம், ஒவ்வொரு வருட உயர்வுக் கடிதம், அப்ரைசல் முடிவுகள், வரிப் படிவங்கள், குழுக் காப்பீட்டு அட்டை. விடுப்புக் கையிருப்புப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்: 19 நாள். நிலுவையில் இருந்த இரண்டு பயணப் பில்லைச் சமர்ப்பித்தேன். இவ்வளவுக்கும் ஆனது நான்கு மணி நேரம்.

எடுத்தவை எல்லாம் எனக்கு, என் பெயரில் கொடுக்கப்பட்டவை. நிறுவனத்துக்குச் சொந்தமான எதையும் தொடவில்லை, அதில் கவனமாக இருந்தேன். எங்கள் 9 பேரில் ஒருவர் வாடிக்கையாளர் தொடர்புப் பட்டியலைத் தன் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தார். கெட்ட எண்ணம் இல்லை. 'பழைய ஆட்களை விட்டுவிடக் கூடாதே' என்றுதான். பாதுகாப்புப் பிரிவு அதைப் பிடித்து, விசாரணை முடியும்வரை அவர் பணத்தை நிறுத்திவைத்தது. மனிதர்களின் தொடர்பு வேண்டுமென்றால் அவர்களிடமே கேட்டு லிங்க்ட்இனில் சேர்த்துக்கொள்ளலாம். செய்த வேலையின் விவரம் வேண்டுமென்றால் வீட்டில் உட்கார்ந்து, நினைவிலிருந்து, வாடிக்கையாளர் பெயர் இல்லாமல் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளலாம். நான் எழுதிய முதல் வரி: '14 நிறுவல்கள், ஒரு நிறுவலுக்கு ஆகும் காலம் 11 வாரத்திலிருந்து 7 ஆனது.' நட்சத்திரம் போட்ட ரெஸ்யூமேயைவிட இந்த நோட்டுதான் பிறகு நேர்காணல்களில் சோறு போட்டது.

ஒன்றைக் கோட்டைவிட்டேன். என் ஓய்வூதியக் கணக்கின் நுழைவு மின்னஞ்சல் அலுவலக முகவரி. ஒன்பது வருடத்துக்கு முன் யாரோ நிரப்பிக்கொடுத்த படிவம். வேலை போன பிறகு கடவுச்சொல்லை மாற்றப் போனால், சரிபார்ப்புச் செய்தி போவது என்னால் திறக்க முடியாத பெட்டிக்கு. படிவம், அடையாளச் சான்று, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று மறுபடி படிவம் என 7 வாரம் இழுத்தது. வேலையில் இருந்தபோது இரண்டு நிமிடம். எந்தெந்தக் கணக்கின் ஓடிபி எங்கே போகிறது என்று யாரும் ஒரு தரம் பார்த்துவிடுவது நல்லது. அலுவலகம் கொடுத்த கைப்பேசி எண்ணை வங்கிக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்; அது இன்னும் மோசம்.

11 நிமிடம்

அழைப்பு முந்தின நாள் மாலை 6:10-க்கு வந்தது. காலை 9:45, 15 நிமிடம், தலைப்பு 'உரையாடல்', அழைத்தவர் பெயர் கேள்விப்படாத ஒரு எச்.ஆர். அதிகாரி. மூத்தவர் என் மேசைக்கு வந்தார்.

"உங்களுக்கும் வந்திருக்கா?"

"9:45. உங்களுக்கு?"

"10:05." கொஞ்ச நேரம் நின்றார். "வரிசையா வெச்சிருக்காங்க போல."

அன்று இரவு நான் ஒரு சீட்டில் ஒரே ஒரு வரி எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன்: 'படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன். எத்தனை நாள் அவகாசம்?' அந்த அறையில் மூளை வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். வேலை செய்யவும் இல்லை. எச்.ஆர். அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். மேனேஜர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'கடினமான முடிவு', 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று ஏதேதோ காதில் விழுந்தது. காகிதத்தை என் பக்கம் நகர்த்திப் பேனாவை அதன் மேல் வைத்தபோது நான் பையிலிருந்து சீட்டை எடுத்து, வெட்கமில்லாமல், அப்படியே வாசித்தேன். அவர் ஒரு கணம் தயங்கி, "5 வேலை நாள்" என்றார். 11 நிமிடத்தில் வெளியே வந்தேன். மேசைக்குப் போனபோது லேப்டாப் ஏற்கெனவே பூட்டியிருந்தது. எச்.ஆர். தளம் அன்று மாலைவரைகூட இல்லை.

மூத்தவர் 10:05-க்கு உள்ளே போய் 10:13-க்கு வெளியே வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு. பிறகு கேட்டேன். "போடச் சொன்னாங்க, போட்டேன். 17 வருஷம் இருந்துட்டு அங்க உக்காந்து பேரம் பேசறதா? பெரிய மனுஷத்தனமா எழுந்து வரணும்னு தோணுச்சு." இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த 5 நாள்

அவகாசம் கேட்பது அடாவடி என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் 1990-ல் வந்த ஒரு சட்டம், 40 வயதோ அதற்கு மேலோ ஆன ஊழியர் வயதுப் பாகுபாடு பற்றிய உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டுமென்றால், யோசிக்க 21 நாள், கூட்டமான ஆட்குறைப்பு என்றால் 45 நாள் தரவேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 158, வேலைநீக்கத்துக்குத் தகுந்த காரணமும் முன்னறிவிப்போ அதற்கான ஈட்டுத்தொகையோ வேண்டும் என்கிறது; பல நாடுகள் அதை ஏற்கவில்லை. தன் நாட்டில், தன் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதை வதந்தி காலத்திலேயே படித்துவைப்பது ஒரு மாலை நேர வேலை. நான் அதை அந்த 5 நாளில்தான் செய்தேன். பணி நியமனக் கடிதம் கையில் இருந்ததால் செய்ய முடிந்தது.

முடித்து அனுப்பும் கடிதத்தில் மூன்று விஷயம் கண்ணில் பட்டது. விடுப்பு நாள் 12 என்று போட்டிருந்தார்கள். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினேன், மறுநாளே 19 ஆனது, மன்னிப்புக்கூட இல்லை. ஏமாற்றவில்லை, ஏதோ பழைய பட்டியலை எடுத்திருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது கொஞ்சம் நுணுக்கமானது. இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 2 வாரச் சம்பளம். கடைசி வேலை நாள் அந்த மாதக் கடைசி என்றும், நோட்டீஸ் காலச் சம்பளம் மொத்தமாகத் தரப்படும் என்றும் இருந்தது. எனக்கு 9 வருடம் முடிவது அடுத்த மாதம் 19-ஆம் தேதி. இப்படியே விட்டால் முடித்த வருடம் 8, இழப்பீடு 16 வாரம். 'நோட்டீஸ் காலத்தை மொத்தப் பணமாகத் தராமல், நாட்களாகவே ஓடவிடுங்கள். நான் அலுவலகம் வர வேண்டியதில்லை, ஆனால் பணிக்கணக்கில் இருக்கட்டும்' என்று எழுதினேன். நிறுவனத்துக்கு அந்த மாதச் சம்பளம் எப்படியும் கொடுக்க வேண்டியதுதான். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் சரி என்றார்கள். 18 வாரமாயிற்று. பணிக்கணக்கில் இருந்ததால் குழுக் காப்பீடும் அதுவரை நீடித்தது.

மூன்றாவதாக, அதற்குப் பிறகும் மூன்று மாதம் காப்பீட்டை நீட்டிக்கக் கேட்டேன். முடியாது என்றார்கள். கோபமாக எதையும் எழுதவில்லை. ஒவ்வொரு மின்னஞ்சலும் நான்கு வரிக்குள்.

மூத்தவர் கையெழுத்திட்ட காகிதத்தில் 'இனி எந்த உரிமைகோரலும் இல்லை' என்ற வரி இருந்தது. அவருக்கு விடுப்பு 9 நாள் என்று கணக்கிட்டார்கள். 30-க்கு மேல் இருந்தது என்று அவர் சத்தியம் செய்வார், காட்ட எதுவுமில்லை. மூன்று பயணப் பில் சமர்ப்பிக்காமலே கிடந்தது, தளம் மூடிவிட்டது. என்னைவிட எட்டு வருடம் அதிகமாக உழைத்தவர் அந்த 8 நிமிடத்தில் விட்டுவந்தது ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

பிறகு

முதல் இரண்டு வாரம் நான் காலை 10 மணிக்கு முன் எழுந்திருக்கவில்லை. வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்ற கிராமத்தில், ஊருக்கே வேலை கொடுத்த ஆலை மூடிய பிறகு 1931–32-ல் யஹோதா, லாசர்ஸ்ஃபெல்ட், ஸைஸல் ஆகியோர் நடத்திய ஆய்வைப் பல வருடம் முன்பு படித்திருக்கிறேன். நேரம் நிறையக் கிடைத்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடவில்லை, குறைந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள். படித்தபோது விநோதமாக இருந்தது. மூன்றாவது வாரம், பால் வாங்கப் போய் முக்கால் மணி நேரம் கழித்து வந்த அன்று விநோதமாக இல்லை.

அன்று முதல் தினமும் 20 நிமிடம், ஐந்து நாள், அந்த அறையில் நடந்ததை எழுதினேன். இதுவும் படித்ததுதான்: 1994-ல் ஸ்பேரா, பியூர்ஃபைண்ட், பென்னிபேக்கர் மூவரும் வேலையிழந்த 63 பேரை வைத்துச் செய்த ஆய்வு. இழப்பைப் பற்றி மனசைத் திறந்து எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. இத்தனைக்கும் அவர்கள் அதிக இடங்களில் முயன்றதாகத் தெரியவில்லை. சிறிய ஆய்வு, அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாம் நாள் எழுதியபோதுதான் நான் கோபப்படுவது நிறுவனத்தின் மேல் இல்லை, மேசையையே பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் மேல் என்று தெரிந்தது. அது தெரியாமல் போயிருந்தால் அடுத்த நேர்காணலில் எங்காவது கசிந்திருக்கும்.

வேலை எனக்கு 19-வது வாரம் கிடைத்தது. 60 விண்ணப்பத்தில் ஒன்றிலிருந்தும் இல்லை. நான்கு வருடம் முன்பு ஒரு நிறுவலில் எதிர்த்தரப்பில் இருந்த ஒருவர், லிங்க்ட்இனில் என் இரண்டு வரிச் செய்தியைப் பார்த்து, தன் நிறுவனத்தில் ஆள் தேடுவதாகச் சொன்னார். 1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதிய கட்டுரையில், அறிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் 16.7 சதவீதம் பேர்தான் அந்த நபரை அடிக்கடி சந்தித்தவர்கள், 55.6 சதவீதம் பேர் எப்போதாவது சந்தித்தவர்கள், 27.8 சதவீதம் பேர் அபூர்வமாக. 2022-ல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இனில் 2 கோடிப் பேரை 5 வருடம் கவனித்து, மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைப்பட்ட அறிமுகங்கள்தான் அதிகம் கைகொடுக்கின்றன என்றது. காரணம் எளிது. நெருங்கிய நண்பர்களுக்கு நமக்குத் தெரிந்த காலியிடங்கள்தான் தெரியும். என் நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் அதே 9 பேர் பட்டியலில் இருந்தார்கள்.

மூத்தவருக்கு 8-வது வாரமே வேலை உறுதியாயிற்று. மூன்று போன் போட்டார். மூன்றாவது போனில் ஒரு பழைய வாடிக்கையாளர், "நீங்க எப்ப வெளிய வருவீங்கன்னு காத்திட்டிருந்தேன்" என்றாராம். ரெஸ்யூமே கேட்டபோது அவரிடம் இருந்தது 17 வருடம் பழையது. நான்தான் உட்கார்ந்து எழுதிக்கொடுத்தேன், நட்சத்திரம் இல்லாமல். 17 வருடம் கணக்கர், காவலாளி எல்லோருடைய பெயரையும் நினைவில் வைத்திருந்த மனிதர் அவர். என் 14 வார இரவுப் படிப்பு அதோடு போட்டி போட முடியாது. மைத்துனன் சிரித்தது இந்த அளவுக்குச் சரி.

ஆனால் 8-வது வாரம் வேலை கிடைத்தவர் சேர்ந்தது 13-வது வாரம். புது நிறுவனம் பின்னணிச் சரிபார்ப்புக்குக் கடைசி மூன்று மாத பேஸ்லிப்பும் அனுபவக் கடிதமும் கேட்டது. கடிதத்தில் பதவியின் பெயர் தப்பாக இருந்தது, ஆறு வருடம் முன்பு வகித்த பதவி. பேஸ்லிப் ஒன்றுகூட இல்லை. பொது மின்னஞ்சலுக்கு எழுதினால் 'உங்கள் கோரிக்கை பெறப்பட்டது' என்று தானியங்கிப் பதில் மட்டும் வந்தது. 10-வது வாரம், அன்றைக்கு அறையில் தாளைப் பார்த்து வாசித்த அதே எச்.ஆர். அதிகாரியின் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்து, மூத்தவர் என் வீட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார் அந்தப் பெண்.

"சார், போன வாரம் ரெண்டாவது சுற்றுல என்னையும் அனுப்பிட்டாங்க. எனக்கே என் பேஸ்லிப் கிடைக்கல."